தண்ணீருக்குள் பசித்திருக்கும் செடி

கடையில் பார்த்தபோது பச்சைப் பசேலென்று இருந்த நீர்ச்செடி, வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு வந்த பத்தாம் நாள் இலை கரைந்து, தண்டு அழுகி, தண்ணீரையும் நாறச் செய்துவிடுகிறதே, அது ஏன்? மீன் வளர்க்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேள்வி பிள்ளைகளுடையது, செலவு பெற்றோருடையது.

தோட்டத்து லயங்களில் குடியிருந்த காலத்தில் மீன் வளர்க்கக் காசு தேவைப்பட்டதில்லை. கால்வாயில் கப்பி மீனைத் துணியால் அள்ளிப் போத்தலில் விட்டால் போதும். வயலோரத்தில் பிடித்த சண்டை மீனுக்கு ஒரு ஜாடியும் இரண்டு பாசிக் கொத்தும் இருந்தால் அது ராஜா. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கால் பக்கத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. அங்கே பிள்ளைகள் இறங்கி விளையாட ஓடை ஏது? ஆகவே ஓடையையே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். இதில் தப்பொன்றும் இல்லை. கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கருத்து.

என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். மகனுடைய ஆசைக்காக மூன்று முறை செடி வாங்கிக் கொடுத்தார். மூன்று முறையும் அழுகிப் போயிற்று. “இந்தக் காசுக்கு ஒரு கிலோ கெம்போங் மீன் வாங்கியிருந்தால் குழம்பாவது வைத்திருப்பேன்” என்றாராம் தாயார். நான்காவது முறை கேட்கப் பயந்துகொண்டு பையன் என்னிடம் வந்தான். கையில் ஒரு பால்டின். டின்னுக்குள் தோட்டத்தில் செம்பனைக்குப் போடும் உரம் ஒரு பிடி. “சார், இதைப் போட்டால் செடி பிழைத்துவிடுமா?” என்று கேட்டான்.

நல்ல வேளை, போடுவதற்கு முன்பே கேட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் எளிதாகக் கைக்குக் கிடைக்கும் யூரியா, அம்மோனியா சல்பேட் போன்ற உரங்களை மீன் தொட்டியில் எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது. அவற்றிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியா மீனின் செவுளைச் சுட்டுவிடும். ஒரு தேக்கரண்டி உரம் ஒரு சிறிய தொட்டியையே காலி செய்யப் போதும். மேலும், பையனுடைய செடிக்கு இருந்தது உரப் பஞ்சமே அல்ல. அது காற்றுப் பஞ்சம்.

செடி எதைத் தின்று வளர்கிறது?

அறிவியல் பாடத்தில் ஹைட்ரில்லா என்னும் நீர்ப்பாசியை வைத்து நாங்கள் ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. கண்ணாடிக் குவளையில் தண்ணீர். அதற்குள் பாசிக் கொத்து. அதன் மேல் கவிழ்த்த புனல். புனலின் வாயில் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாய். இதை வெயிலில் வைத்தால் பாசியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பிக் குழாயின் உச்சியில் சேரும். அது பிராணவாயு. நிழலுக்குக் கொண்டுபோனால் குமிழி குறையும், இருட்டில் நின்றுவிடும். ஜான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் இலைகளைத் தண்ணீரில் மூழ்கவைத்து இதையேதான் கண்டார். 1779ஆம் ஆண்டு அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

பிள்ளைகள் கைதட்டுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். அதே குவளையில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவைக் கரைத்து விட்டால், சற்று நேரத்தில் குமிழிகள் விடுவிடுவென்று கிளம்பும். வெயில் அதே வெயில், பாசி அதே பாசி. புதிதாக வந்தது என்ன? ஆப்பச் சோடா வழியாகத் தண்ணீரில் சேர்ந்த கரிப்பொருள். அதைத்தான் பாசி இத்தனை நேரமும் தேடிக்கொண்டிருந்தது.

மரத்தை மூட்டம் போட்டால் கரி மிஞ்சுகிறதல்லவா? காய்ந்த செடியின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கரிதான். இந்தக் கரி மண்ணிலிருந்து வருவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வருகிறது. ஐம்பதடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் ரப்பர் மரம் தன் உடம்பின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தே கட்டிக்கொண்டது என்றால் முதலில் நம்பக் கடினமாகத்தான் இருக்கும். மண் உப்புகளையும் தண்ணீரையும் தருகிறது. ஒளி வேலை வாங்குகிறது. கட்டுமானப் பொருள் கரியமில வாயு.

காற்றில் இந்த வாயு மிகவும் கொஞ்சம். பத்து இலட்சத்தில் 420 பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் காற்று அசைந்துகொண்டே இருப்பதால் இலைக்குப் புதுச் சரக்கு ஓயாமல் வந்து சேர்கிறது. தண்ணீருக்குள் கதை வேறு. நம் ஊர் வெப்பத்தில், காற்று பட்டுக்கொண்டிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மில்லிகிராம் அளவு கரியமில வாயுதான் கரைந்திருக்கும். அதுவும் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேதான் நகரும். இலையை ஒட்டியிருப்பதைச் செடி உறிஞ்சி முடித்ததும் அடுத்த கவளம் வர நெடுநேரம் ஆகிறது. மேலே விளக்கு பளிச்சென்று எரிகிறது, கீழே செடி பட்டினி கிடக்கிறது. இளைத்த செடியின் இலைமேல் பாசி படர்கிறது. கடைக்காரர் “விளக்குப் போதவில்லை” என்று இன்னொரு விளக்கை விற்கிறார். பாசிக்கு இன்னும் கொண்டாட்டம்!

அப்படியானால் காட்டு ஓடையில் செடி எப்படித் தழைக்கிறது என்று கேட்பீர்கள். ஓடை ஓடிக்கொண்டிருக்கிறது. அடியில் இலைச்சருகு மக்கி மக்கிக் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து ஊறி வரும் நீரும் அந்த வாயுவைச் சுமந்து வருகிறது. தேநீர் நிறத்தில் ஓடும் சதுப்பு நில ஓடைகளில் இந்த வாயு மேற்காற்றுக்கு ஈடான அளவைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். கண்ணாடித் தொட்டியில் இந்த வசதி ஏதும் கிடையாது. எனவே வாயுவை நாம்தான் ஊட்ட வேண்டும்.

கள்ளுப் பானையிலிருந்து மீன் தொட்டிக்கு

கரியமில வாயுவுக்கு எங்கே போவது? நம் தோட்டத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்நாளில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. இறக்கிய கள் பொங்கிப் பொங்கி நுரைப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதைப் போத்தலில் ஊற்றி இறுக மூடி வைத்தால் மூடி பறந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இனிப்பு நீரில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் புகுந்து சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. அந்த வாயுதான் நுரை. கள்ளில் மிதப்பது குடியைக் கெடுத்தது. கள்ளிலிருந்து பறந்தது செடிக்குச் சோறு. நம்மவர்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை!

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் 1767ஆம் ஆண்டில் ஒரு பீர் வடிப்பாலையின் பக்கத்தில் குடியிருந்தார். தொட்டிகளின் மேல் தங்கி நின்ற அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். சுவையாக இருந்தது. நாம் இன்று குடிக்கும் சோடாவின் பிறப்பு அப்படித்தான். அதே வாயுவை, அதே முறையில், ஒரு பழைய பிளாஸ்டிக் போத்தலில் நாமும் உண்டாக்கலாம்.

ஒன்றரை லிட்டர் சோடா போத்தல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். குழாய் அடைத்துக்கொண்டால் சில்லு சில்லாய் வெடித்துவிடும். முதல் போத்தலில் 200 கிராம் சீனி, கால் தேக்கரண்டி ரொட்டி ஈஸ்ட், கால் தேக்கரண்டி ஆப்பச் சோடா, ஒரு லிட்டர் தண்ணீர். கைபொறுக்கும் வெதுவெதுப்புக்கு மேல் சூடு இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும். ஆப்பச் சோடா எதற்கென்றால், நாளாக ஆகக் கலவை புளித்துப் போகும். அந்தப் புளிப்பைக் கொஞ்சம் தணித்து ஈஸ்ட்டைக் கூடுதல் நாள் உழைக்கச் செய்யும். நுரைக்காகப் போத்தலின் மேற்பகுதியைக் காலியாக விடுங்கள்.

சீனியை இரட்டிப்பாக்கினால் இரட்டிப்பு நாள் வரும் என்று கணக்குப் போட வேண்டாம். சாராயம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கை நெருங்கும்போது ரொட்டி ஈஸ்ட் தன் சாராயத்திலேயே மயங்கி விழுந்துவிடும். ஒரு லிட்டருக்கு 200 கிராம் சீனி என்பது ஏறக்குறைய அந்த எல்லை. அதில் முழுவதும் நொதித்தால் சுமார் 100 கிராம் வாயு கிடைக்கும். நம் ஊர் வெப்பத்தில் அது ஐம்பது லிட்டருக்கு மேற்பட்ட இடத்தை அடைக்கும். ஒன்றரை லிட்டர் போத்தலுக்குள் ஐம்பது லிட்டர் என்று நினைத்துப் பார்த்தால், இறுக மூடிய போத்தலை வீட்டில் வைக்கக்கூடாது என்பது விளங்கும். குழாய் அடைபட்டிருக்கிறதா என்று தினமும் போத்தலை ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். கல்லாய் விறைத்திருந்தால் மூடியை மெல்லத் திருகி வாயுவை வெளியேற்ற வேண்டும்.

மூடியில் குழாயைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு, சிலிக்கான் குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி உள்ளே இழுத்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் மீன் தொட்டிக்கு ஒட்டும் சிலிக்கான் பசை தடவி ஒரு நாள் காயவிடுங்கள். இந்தக் குழாய் நேரே தொட்டிக்குப் போகக்கூடாது. இரண்டாவது போத்தலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, முதல் குழாயை அந்தத் தண்ணீருக்குள் முக்குங்கள். அதன் மூடியிலிருந்து இன்னொரு குழாய் தண்ணீருக்கு மேலிருந்து கிளம்பித் தொட்டிக்குப் போகட்டும். பொங்கி வரும் நுரையும் ஈஸ்ட்டும் இங்கேயே தங்கிவிடும். எத்தனை குமிழி போகிறது என்று எண்ணிப் பார்க்கவும் இதுதான் இடம். தொட்டித் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வழிந்து வீட்டுத் தரையை நனைக்காமலிருக்க, கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஒருவழி அடைப்பான் ஒன்றை இடையில் சேர்த்துவிடுங்கள்.

தொட்டிக்குள் வாயுவை எப்படிக் கரைப்பது? விலை உயர்ந்த பீங்கான் வட்டுகள் உண்டு. அவற்றின் ஊடே வாயுவைத் தள்ள நல்ல அழுத்தம் வேண்டும்; சீனிப் போத்தல் அவ்வளவு தாங்காது. அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. வெட்டாத நாளில் பால் மரத்தின் கம்பியில் மங்கைக் கவிழ்த்து வைப்போமல்லவா, அதுபோல ஒரு சிறிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குவளையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக் கண்ணாடியில் பொருத்துங்கள். குழாயின் நுனி குவளைக்குள் இருக்கட்டும். வாயு குவளையின் உச்சியில் தங்கி, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு மெல்லக் கரையும். மிஞ்சினால் விளிம்பைத் தாண்டி வெளியேறும். இந்த முறையில் அளவு திடீரென்று எகிறுவது அரிது. அதனால்தான் முதன்முதலாகத் தொடங்குவோருக்கு இதையே சொல்லுகிறேன்.

கலவை போட்ட சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் குமிழி வரத் தொடங்கும். முதல் சில நாள் வேகமாகவும், போகப் போகச் சோர்ந்தும், இரண்டு வாரத்தில் ஓய்ந்தும் போகும். இரண்டு போத்தல்களை வாரம் ஒன்றாக மாற்றிக் கலந்தால் ஏற்றத்தாழ்வு குறையும். ஓய்ந்த கலவையில் சாராயம் இருக்கிறது. ஆனால் அது குடிக்கும் பொருளன்று. பெரியவர்கள் யாரும் மூக்கை விட்டுப் பார்க்குமுன் கழிவறையில் கொட்டிவிடுவது நல்லது. ஒரு வீட்டில் பாட்டி அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு, பேரன் சம்சு காய்ச்சுகிறான் என்று பெரிய ரகளையே செய்துவிட்டாராம். போத்தல்மேல் பெயர் எழுதி ஒட்டி, வீட்டாருக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

மீன் மூச்சுவிட வேண்டுமே

செடிக்கு நல்லது என்பதற்காக மேன்மேலும் ஊட்டலாமா? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

மீனின் இரத்தத்திலுள்ள கரியமில வாயு செவுள் வழியாகத் தண்ணீருக்குப் போக வேண்டும். தண்ணீரிலேயே அது மிகுந்துவிட்டால் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தங்கும். இரத்தம் பிராணவாயுவைப் பிடிக்கும் திறனும் குறையும். தண்ணீரில் பிராணவாயு நிறைய இருந்தால்கூட மீன் திணறும். செடித் தொட்டிகளுக்கு லிட்டருக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை போதும் என்பது அனுபவக்காரர்கள் கணக்கு. 30ஐத் தாண்டினால் மீனுக்கு ஆபத்தான வட்டாரம்.

முன்னொரு காலத்தில் என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் இப்போது தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். இரண்டடித் தொட்டிக்கு மூன்று போத்தலை ஒன்றாக இணைத்துவிட்டு வேலைக்குப் போனார். விடியற்காலையில் திரும்பி வந்தபோது நியான் மீன்கள் பதினாறும் மேலே மிதந்தன. ஒரே ஒரு சண்டை மீன் மட்டும் உயிரோடிருந்தது. “செடி மட்டும் என்ன அழகாய் இருந்தது தெரியுமா சார்” என்று அவர் சொன்னபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த மீன்கள்.

ஏன் இரவில் இறந்தன? பகலில் ஒளி இருக்கும்வரை செடி கரியமில வாயுவை உண்டு பிராணவாயுவை விடுகிறது. விளக்கு அணைந்ததும் செடியும் நம்மைப்போல் மூச்சுதான் விடுகிறது. மீனும் செடியும் சேர்ந்து பிராணவாயுவைக் குறைக்க, சீனிப் போத்தலோ இரவென்றும் பகலென்றும் பாராமல் வாயுவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு நிறுத்தும் விசை கிடையாது. சண்டை மீன் மட்டும் தப்பியதற்குக் காரணம், அது மேலே வந்து காற்றையே மூச்சிழுக்கக்கூடிய இனம். எனவே சண்டை மீன் நன்றாக இருக்கிறது என்பதை வைத்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அதற்கு ஒரு போத்தல் போதும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு குமிழியில் தொடங்கி ஒரு வாரம் பாருங்கள். இரவில் வாயுக் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே விட்டுவிடலாம். ஆனால் அதை மடக்கிக் கட்டவே கூடாது. குழாயை எடுக்கச் சோம்பலானால் இரவு முழுவதும் காற்றுக் கல்லை ஓடவிடுங்கள். அது கரியமில வாயுவைக் கலைத்து வெளியேற்றிப் பிராணவாயுவைச் சேர்க்கும். பகலில் காற்றுக் கல் ஓடினால் நாம் கஷ்டப்பட்டு ஊட்டியதும் பறந்துபோய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

அளவு தெரிய ஒரு வழி உண்டு. புரோமோதைமால் நீலம் என்ற சாயத்தை, அதற்கென்று தயாரித்த தண்ணீரில் கலந்து, சிறிய கண்ணாடிக் குமிழில் அடைத்துத் தொட்டிக்குள் தொங்கவிடுகிறார்கள். நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சையானால் சரியான அளவு, மஞ்சளானால் மிகை. நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதால் அவசரத்துக்கு அது உதவாது. அவசரத்துக்கு மீனைத்தான் பார்க்க வேண்டும். எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? இறால்கள் தண்ணீர் மட்டத்துக்கு ஏறி வருகின்றனவா? உடனே வாயுக் குழாயை வெளியே எடுங்கள்; காற்றுக் கல்லை முழு வேகத்தில் ஓடவிடுங்கள்; மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் முறிவு மருந்து சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் தண்ணீர் புளிக்கும். நம் நாட்டுக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. புளிப்பைத் தாங்கும் சுண்ணாம்புச் சத்து அதில் குறைவு. நன்றாகக் கழுவிக் கொதிக்க வைத்த சிப்பி ஓடு ஒரு கைப்பிடியை வடிகட்டியில் போட்டு வைத்தால் புளிப்பு எல்லை மீறாது.

வசதி உள்ளவர்கள் கரியமில வாயு உருளையே வாங்கிவிடுகிறார்கள். அழுத்தம் குறைக்கும் கருவி, ஊசி போன்ற நுண்ணிய அடைப்பான், மின்சார விசை எல்லாம் சேர்ந்தால் பல நூறு வெள்ளி ஆகும். விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தானாகத் திறந்து, அணையுமுன் தானாக மூடிக்கொள்ளும்; அந்த இளைஞருக்கு நேர்ந்த கதி நேராது. ஆனால் உருளையை எப்போதும் நிமிர்த்தியே வைத்துச் சங்கிலியால் கட்ட வேண்டும். உள்ளே வாயு திரவமாக இருக்கிறது. சாய்ந்தால் திரவமே கருவிக்குள் புகுந்துவிடும். 20 பாகை வெப்பத்தில் உள்ளழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய 57 மடங்கு. 30 பாகையில் அது 70 மடங்கைத் தாண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் பாசாருக்குப் போகும் காரியமெல்லாம் கூடாது. ஐந்து கிலோ உருளை ஒன்று கசிந்தால் 2,800 லிட்டர் வாயு வெளிவரும். இது காற்றைவிடக் கனமானது, மணமும் கிடையாது. ஜன்னல் மூடிய சிறிய படுக்கையறையில், குழந்தை தரையில் தூங்கும் இடத்தில், உருளையை வைக்கவே வேண்டாம். பாழுங் கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழும் செய்திகளில் கொல்லும் வாயுக்களில் இதுவும் ஒன்று.

இவ்வளவு தொல்லை எதற்கு, வாயுவே ஊட்டாமல் செடி வளர்க்க முடியாதா என்று கேட்கும் தாய்மார்களுக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. முடியும், அதற்கேற்ற செடி நம் மண்ணிலேயே இருக்கிறது.

மலாக்காவில் 1845ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் வில்லியம் கிரிபித் என்ற ஆங்கிலேய மருத்துவர் கல்லீரல் நோயால் காலமானார். வயது 34. கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக 1832இல் சென்னையில் வந்து இறங்கியவர். அசாமில் தேயிலை காடாக வளர்கிறதா என்று பார்க்க 1835இல் அனுப்பப்பட்ட மூவரில் ஒருவர். கல்கத்தா தாவரத் தோட்டத்தைச் சில காலம் நிர்வகித்தவர். டான் சே யான் 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக ரப்பர் நட்டார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கிரிபித் இந்த வட்டாரத்தில் செடி திரட்டிக் குறிப்பெழுதினார். அவர் இறந்த பிறகு அந்தக் குறிப்புகள் அச்சேறின. 1851இல் வெளிவந்த பகுதியில் கிரிப்டோகோரைன் கோர்டாட்டா என்ற நீர்ச்செடி இருக்கிறது. கோர்டாட்டா என்றால் இதய வடிவம். இதே இனத்தின் வேறொரு செடி கிரிபித்தியின் பெயரையே சுமந்து கிரிப்டோகோரைன் கிரிபித்தியை என்று வழங்குகிறது. இன்று ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் மீன் தொட்டி வளர்ப்போர் ஆசையோடு தேடும் இனம் இது.

இது யாரோ அந்நியர் வீட்டுச் செடியன்று. நம் சேம்பின் குடும்பம். சித்த மருந்துக் கடைகளில் நாட்டு அதிவிடயம் என்று விற்பதும் இதன் உறவுதான். மர நிழலில், மெதுவாக ஓடும் ஓடையில் வளர்வதால் இதற்குக் கடும் ஒளி தேவையில்லை. ஒளி குறைவாக இருந்தால் கரியமில வாயுவின் தேவையும் குறைவு. மங்கலான விளக்கு, நாலு அங்குல மணல், மீனின் கழிவு ஆகியவையே அதற்குப் போதும். வாயு ஊட்டினால் சற்று விரைவாக வளரும், ஊட்டாவிட்டால் கோபித்துக்கொள்ளாது. அந்த மாணவனுக்கு நான் சொன்னதும் இதைத்தான். முதலில் இந்தச் செடி, பிறகு போத்தல்.

வாங்கும்போது பண்ணையில் வளர்த்த செடியாகப் பார்த்து வாங்குங்கள். காட்டு ஓடையிலிருந்து பிடுங்கி வருவது வேண்டாம்; சதுப்புக் காடுகள் அழிந்துவரும் நாளில் எஞ்சிய கொத்துகளை நாமும் அரிக்கக்கூடாது. அதேபோல் தொட்டியில் மிகுந்துபோன வெளிநாட்டுச் செடிகளைக் கால்வாயிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா என்ற மீன் தொட்டிச் செடி பகாங்கின் சினி ஏரியில் புகுந்து நிறைந்துபோனது நாடறிந்த செய்தி. வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூச்சட்டிக்கு எருவாகப் போட்டுவிடலாம்.

கிரிப்டோகோரைன் செடியை நட்டவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருங்கள். புதுத் தண்ணீருக்கு வந்த சில நாளில் அதன் இலையெல்லாம் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்துவிடுவதுண்டு. செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். கரைந்த இலைகளை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, மணலுக்குள்ளிருக்கும் தண்டையும் வேரையும் அசைக்காமல் மூன்று நான்கு வாரம் விட்டுவையுங்கள். நடுவிலிருந்து சுருட்டிய சிறிய தளிர் ஒன்று வரும்.